பதினாறாவது கட்டம்

எங்கள் தெருவில் அவரைக் 'குருவி லாத்தா' என்றுதான் சொல்வார்கள்; லாத்தா என்றால் எங்களுக்கு அக்கா. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவார், ஆகவே நானும் அதை விட்டுவிடுகிறேன். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி வலைக் கூண்டுகள், கூண்டுகளுக்குள் வரிசையாகத் தொங்கும் மண்பானைகள், பானைகளுக்குள் லவ் பேர்ட்ஸ். விடிந்ததும் அவை போடும் சத்தத்தில் அலாரம் தேவையே இல்லை.

விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தவர். வயதான உம்மாவோடு தனியாக இருந்தார். குருவி வளர்த்து நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கடைகளுக்குக் கொடுப்பார். வாரம் ஒரு முறை காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போய் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடுகளைப் பொறுக்கி வருவார். குருவிகள் அலகால் சுரண்டித் தின்ன அது வேண்டும். மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் கூடையோடு திரும்பும்போது இவர் மட்டும் ஓடு நிரம்பிய பையோடு பஸ் ஏறுவார். அதைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் ஒரு குணம். 'வரும்', 'வராது', 'நடக்கும்', 'நடக்காது' என்ற சொற்கள் அவர் வாயில் வராது. எத்தனையில் எத்தனை என்றுதான் சொல்வார். புதிதாக ஒரு ஜோடியைப் பானையில் விட்டதும், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாக்பீஸால் கட்டம் போடுவார். "இந்த ஜோடிக்கு நாலுல மூணு பச்சை, நாலுல ஒண்ணு நீலம். இன்ஷா அல்லாஹ்" என்பார். "அப்ப முதல் குஞ்சு என்ன நிறம் லாத்தா?" என்றால் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கணக்குப் போட முடியாத இடத்தில் போடவும் மாட்டார். ஒரு நாள் அரிசி காயப் போட்டிருந்த என் மாமியார், மழை வருமா என்று அவரைக் கேட்டார்.

"மழைக்கு வாப்பா யாரு, உம்மா யாருன்னு தெரியாதே மாமி. நான் எப்படிச் சொல்றது?" என்றார். சொல்லி முடித்த கையோடு சுவரைத் தாண்டி வந்து எங்கள் அரிசியை அள்ளத் தொடங்கினார்.

என் மாமனாருக்கு மட்டும் இந்தக் கட்டக் கணக்கு பிடிக்கவில்லை. அவர் என் உம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அதாவது நான் சொந்த மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். மாமா தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு நாள் நின்று, "ஏம்மா, மறைவான விஷயம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும். முட்டைக்குள்ள இருக்கிறதை நீ சொல்றது சரியா?" என்று கேட்டுவிட்டார்.

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "சரியில்லைதான் மாமா. அதனாலதான் நான் வரும்னு சொல்றதே இல்லை. நாலுல எத்தனைன்னுதான் சொல்றேன். எந்த முட்டைல எதுங்கிறது அவன் விருப்பம்."

மாமா பள்ளிவாசலைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அவர் லாத்தாவை ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு முதல் மகள் பிறந்தபோது வீட்டில் கொண்டாட்டம். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்தார். மாமா குழந்தையைக் கையில் வாங்கி, வழக்கப்படி வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னார். ஒரு குழந்தை உலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். இரண்டு மாதத்தில் அவள் கண் தெளிந்தது. தேன் நிறப் பூனைக்கண். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மாமா மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஏனென்று ஒன்றரை வருடம் கழித்துத்தான் விளங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கூப்பிடுவேன், திரும்ப மாட்டாள். விளையாட்டுப் போக்கு என்று இருந்தோம். கடைசியில் டாக்டர் சொன்னார், இரண்டு காதும் கேட்கவில்லை என்று. மிஷின் வைத்துப் பார்த்தோம், ஆபரேஷனுக்கு அலைந்தோம். அவளுக்கு எதுவும் ஒத்துவரவில்லை.

மாமாவுக்கும் என் உம்மாவுக்கும் இளையவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் பூனைக்கண், அவருக்கும் காது கேட்காது. நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். ஆக, எங்கள் குடும்பத்தில் பூனைக்கண்ணோடு வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் செவி இல்லை. 'கண் அப்படி வந்தால் காது போச்சு' என்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

என் மகளுக்கு நடக்கத் தெரிந்ததிலிருந்து அவள் பாதி நாள் குருவி லாத்தாவின் மாடியில்தான். நாங்கள் எல்லாம் அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது, லாத்தா அவளுக்குத் தினை போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார். இருவருக்கும் ஒரு கைபாஷை உண்டாகிவிட்டது. இரண்டு விரலை மூக்கடியில் கொத்துவதுபோல் காட்டினால் குருவி. உள்ளங்கையைக் குவித்தால் முட்டை. எனக்கே அந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவள் என் மகள்தான். என் வீட்டுப் பிள்ளையோடு பேச நான் பக்கத்து வீட்டிலிருந்து வார்த்தை கடன் வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் லாத்தா தன் பெரிய முயற்சியை ஆரம்பித்தார். கடையில் நீல உடம்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட ஆண் குருவி, லாத்தா பேச்சில் சேவல், இரண்டு கிடைத்தது. நீலம் என்றாலே திட்டோடுதான் வரும், இரண்டும் ஒட்டிப் பிறந்தது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம். லாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. சேவல்களை வேறு வேறு ஊர்களில் வாங்கிய, திட்டில்லாத பச்சைப் பெட்டைகளோடு சேர்த்தார். பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் பச்சை. ஒன்றில்கூடத் திட்டு இல்லை.

"நீலமும் போச்சு, திட்டும் போச்சு. இதுக்கா இவ்வளவு பாடு?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"போகலை. உள்ள இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வாப்பாகிட்டேருந்து ஒரு பங்கு, உம்மாகிட்டேருந்து ஒரு பங்கு. பச்சை ஒரு பங்கு இருந்தாலே நீலம் வாயைத் திறக்காது. நீலம் ரெண்டு பங்கும் சேந்தாத்தான் வெளிய தெரியும். திட்டும் அப்படித்தான்" என்றார்.

ஒரு வருடம் காத்திருந்து, ஒரு சேவலுக்குப் பிறந்த பச்சையை இன்னொரு சேவலுக்குப் பிறந்த பச்சையோடு மூன்று பானைகளில் ஜோடி சேர்த்தார். கூடப்பிறந்தவற்றைச் சேர்க்க மனம் வரவில்லை என்றார். தொட்டிச் சுவரில் அன்று விழுந்தது பதினாறு கட்டம். மேலே நான்கு விதமாக வாப்பா கொடுக்கக்கூடியது, பக்கவாட்டில் நான்கு விதமாக உம்மா கொடுக்கக்கூடியது. நிரப்பி முடித்து எண்ணினார். ஒன்பது கட்டம் வெறும் பச்சை. மூன்று, பச்சையில் மஞ்சள் திட்டு. மூன்று, வெறும் நீலம். கடைசி மூலையில் ஒன்றே ஒன்று, நீலத்தில் வெள்ளைத் திட்டு. அதன் மேல் ஒரு நட்சத்திரம் வரைந்தார்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் இறகு முளைத்ததும் என் மகள் ஓடி வந்து கையால் சொல்வாள். நான் விரல் மடக்கி எண்ணினேன். பச்சை பத்து, மஞ்சள் திட்டுப் பச்சை நான்கு, வெறும் நீலம் இரண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"பதினாறு ஆயிடுச்சே லாத்தா. நட்சத்திரம் எங்க?"

"பதினாறாவது முட்டைக்கு, முன்னாடி பதினஞ்சு போனது தெரியுமா? ஒவ்வொரு முட்டையும் புதுசாத்தான் கட்டத்துக்குள்ள நுழையுது. பதினாறுல ஒண்ணுகூட வராமப் போறது மூணு தடவையில ஒரு தடவை உண்டு. சகஜம்." அப்புறம், வராததைப் பற்றிக் கொஞ்சமும் வருத்தமில்லாமல், வந்த இரண்டு வெறும் நீலங்களைக் காட்டினார். "இதைப் பாரு. நீலம் இருக்கு, திட்டு இல்லை. அதோ அந்தப் பச்சைக்குத் திட்டு இருக்கு. ஒட்டிப் பிறந்ததுன்னாரே கடைக்காரரு. நிறம் தன் பாட்டுக்கு வருது, திட்டு தன் பாட்டுக்கு வருது."

நான் சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். அது எனக்காகச் சொன்னது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகும்போது நான் மறுபடியும் உண்டானேன். வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படத் தைரியம் இல்லை. மாமி தஸ்பீஹ் மணியைக் கையைவிட்டு இறக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனில், "உனக்கு எது சரின்னு படுதோ" என்று சொல்லி நிறுத்தினார். அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாடியேறி லாத்தாவிடம் போய் நின்றேன். கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. சாக்பீஸை எடுத்துவிட்டார்.

"நீயும் உன் மாப்பிள்ளையும் அந்த ரெண்டு பச்சை மாதிரி. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள ரெண்டும் இருக்கு. குருவி நிறம் மாதிரி மனுஷன் கண்ணு அவ்வளவு சுலபமான கணக்கு இல்லை. ஆனா உங்க வீட்ல அப்படித்தான் இறங்குற மாதிரி தெரியுது." பதினாறு கட்டம் போட்டார். ஒன்பது: கறுப்புக்கண், கேட்கும். மூன்று: பூனைக்கண், கேட்கும். மூன்று: கறுப்புக்கண், கேட்காது. கடைசி மூலைக்கு வந்ததும், பழக்க தோஷம், நட்சத்திரம் வரைந்துவிட்டார். "இதுல உன் மகள் இருக்கா. எல்லாருக்கும் வாய்க்காத கட்டம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என் பிள்ளை என்ன உங்க குருவியா? கடைல கொடுக்கிறதுக்கு நல்லா இருக்குன்னு நட்சத்திரம் போடுறீங்க?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் சாக்பீஸை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் சுவர் பக்கமே போகவில்லை. மகளை மட்டும் தடுக்க முடியவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அவள் மூச்சு வாங்க ஓடி வந்து என் சேலையின் நீலப் பூவைத் தொட்டாள், பிறகு வெள்ளைச் சுவரைத் தொட்டாள், பிறகு இரண்டு விரலால் கொத்திக் காட்டினாள். நட்சத்திரக் குஞ்சு பொரிந்துவிட்டது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டாவதும் பெண். மாமா பாங்கு சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தி, தொண்டையைச் செருமி, முடித்தார். பிரசவ வார்டிலேயே குழந்தைகளின் காதில் ஒரு சின்ன மிஷினை வைத்துப் பார்த்தார்கள். கேட்டால் பச்சை விளக்கு எரியும். என் குழந்தைக்கு எரியவில்லை. "பிறந்த பிள்ளைக்குக் காதுல தண்ணி இருக்கும், பயப்படாதீங்க. ஒன்றரை மாசம் கழிச்சுக் கொண்டு வாங்க" என்றார் நர்ஸ். நாங்கள் பயந்தோம்.

முப்பது நாளைக்குள் கண் தெளிந்துவிட்டது. தேன் நிறம். மாமி பார்த்தார், மாமா பார்த்தார். சட்டம் சட்டம்தானே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. இப்படிச் செய்வோம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. மாமி தாலாட்டை விட்டார். தொட்டில் சும்மா ஆடியது. நான் பால் கொடுக்கும்போது குழந்தை என் முகத்தையே பார்க்கும், நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். அவளுக்கு வைத்த பெயரை நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடம் ஒரு முதுகைப் பார்த்துக் கூப்பிட்டவள் நான். இன்னொரு தடவை கூப்பிட்டு, இன்னொரு தடவை திரும்பாமல் போனால் என்னால் தாங்க முடியாது.

நாற்பதாம் நாள் உறவெல்லாம் வந்து குழந்தைக்குச் சட்டையும் கொலுசும் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு குருவி லாத்தா வாசலில் நின்றார். கையில் ஒரு சின்னக் கூண்டு. நேராக என் பெரிய மகளிடம் போய் அதைக் கொடுத்தார். நீல உடம்பு, வெள்ளைத் திட்டு. எத்தனையாவது குஞ்சோ தெரியாது, இரண்டு வருடம் அவர் காத்திருந்த குருவி. "கடைக்குக் கொடுக்கிறதுக்கு இல்லை. இது இவளோடது" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதில் சொன்ன கணக்கு. எனக்கு அழுகை வந்தது, எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் இந்த வீட்ல யாரும் பேச மாட்டேங்கிறீங்க?"

மாமி தொட்டிலைக் காட்டினார். "கண்ணைப் பாத்தியா? யாருக்காகப் பேசுறது?"

"கண்ணு தன் பாட்டுக்கு வந்துடுச்சு மாமி. அது சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. காது இன்னும் ஒண்ணும் சொல்லலையே. கண்ணு எப்படி வந்தாலும் காதுக்கு நாலுல மூணு அப்படியே இருக்கு. மிஷின்ல விளக்கு எரியலைங்கிறதால அது கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும்னு எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன்." பிறகு குரல் மாறியது. "நாலுல ரெண்டுன்னே வைங்க. இந்தப் பிள்ளைக்குக் கேட்குதுன்னா, பத்து நாளா யாருமே பேசாத வீட்ல கிடக்கு."

லாத்தா குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து பேச ஆரம்பித்தார். அன்று கடற்கரையில் ஓடு கிடைத்தது, பஸ் கிடைக்காதது, மூன்றாம் பானையில் பெட்டை முட்டையைத் தள்ளிவிட்டது, எல்லாம். குழந்தை கையைக் காலை ஆட்டியது. அவருக்காக ஆட்டியதா, சும்மா ஆட்டியதா என்று சொல்ல முடியாது. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். இரண்டாம் நாளே மாமி தொட்டில் பாட்டைத் திரும்ப எடுத்துவிட்டார். நான் மட்டும் பேசவில்லை. லாத்தா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒன்றரை மாதம் ஆனதும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். மாமா, நான், மடியில் சின்னவள், என்னை ஒட்டிப் பெரியவள், பக்கத்தில் லாத்தா. வழியில் நான் கேட்டேன்.

"லாத்தா, ஒரே ஒரு தடவை. கேட்கும்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை. அவருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே இருந்த பெண், "மிஷின் வைக்கப் போறேன், யாரும் சத்தம் போடக் கூடாது" என்றார். ஐந்து நாளாக ஓயாமல் பேசிய லாத்தா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வலது காதில் வைத்தார்கள். பச்சை விளக்கு. இடது காதில் வைத்தார்கள். கொஞ்சம் தாமதமாயிற்று. பச்சை விளக்கு.

"ரெண்டு காதும் நல்லாக் கேட்குது. இப்ப பேசலாம்" என்றார் அந்தப் பெண்.

பேசலாம் என்றால் உடனே பேச வருகிறதா? நான் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து நாளாக எனக்குள்ளேயே கிடந்த பெயரைக் கூப்பிட்டேன். "இங்க பாரும்மா. நான்தான் உன் உம்மா" என்றேன். அவள் அந்தத் தேன் நிறக் கண்ணை என் மேல் வைத்து அசையாமல் இருந்தாள். பெரியவள் என் சேலையை இழுத்து, தங்கையின் காதைத் தொட்டுக் காட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்கிறது என்று காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். இரண்டு விரலால் கொத்தினாள், தங்கையைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். குருவி என்ன சொல்கிறது என்று இனிமேல் தங்கை தனக்குச் சொல்லட்டும் என்றாள். இன்று சின்னவளுக்கு எட்டு வயது, பெரியவளுக்குப் பதிமூன்று. அந்த வேலை எங்கள் மாடியில் தினமும் நடக்கிறது.

லாத்தா இப்போது ஊரில் இல்லை. அவர் உம்மா மௌத்தான பிறகு புதுச்சேரியில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். பெருநாளுக்கு வருவீர்களா என்று போனில் கேட்டால் இன்றும் 'வருவேன்' என்று சொல்வதில்லை. பத்தில் எத்தனை என்றுதான் சொல்கிறார்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாளில் ஒன்று நடந்தது. வெளியே வராந்தாவில் மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். பெரியவளை இழுத்துத் தன் முழங்காலோடு அணைத்துக்கொண்டார். ஏழு வருடமாக லாத்தாவிடம் ஒன்றும் கேட்காதவர், தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"ஏம்மா. பிறந்த அன்னைக்குக் காதுல தண்ணி இருந்துதுன்னு சொல்றாங்களே. நான் சொன்ன பாங்கு சின்னவளுக்குக் கேட்டிருக்குமா?"

நான் லாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எத்தனையில் எத்தனை என்று தொடங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மாமாவையும், மாமாவின் கைக்குள் நின்றிருந்த பெரியவளையும், என் தோளில் கிடந்த சின்னவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டிருக்கும் மாமா" என்றார். "ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும்."